செருப்பு, ஆயுதம் வெளியே விடவும்

மார்ச் 4

இன்று என் மேஜை மேல் ஒரு துப்பாக்கி இருந்தது. பிரஷர் பார்க்கும் கருவிக்கும் என் டீ டம்ளருக்கும் நடுவில்.

அரிசி ஆலை முதலாளியின் மகன் ராஜபூபதி. காய்ச்சல், தொண்டை வலி. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்க, நேராக உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து அதை உருவி மேஜையில் வைத்துவிட்டு, "உக்காந்தா குத்துது டாக்டர், அதான்" என்றார். லைசென்ஸ் இருக்கிறதாம். இருக்கட்டும். எனக்கும்தான் டாக்டர் பட்டம் இருக்கிறது, அதை இடுப்பில் செருகிக்கொண்டு நான் அவர் மில்லுக்குப் போவதில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், மாத்திரை எழுதிக் கொடுத்தேன். வரிசையில் வரவேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தேன். தொண்டை வலிக்காரரிடம் என்ன வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பயம் எதுவும் இல்லை. நர்ஸ் செல்வராணிதான், "பிரஷர் பட்டையைத் தலைகீழாக் கட்டியிருந்திய டாக்டர்" என்கிறாள். ஊசி போடுவது போக மீதி நேரமெல்லாம் என்னைக் கவனிப்பதுதான் அவளுக்கு வேலை.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மார்ச் 7

டாக்டர்கள் சங்கக் கூட்டம். முக்கால்வாசி நேரம் ஏ.சி. வேலை செய்யாததைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் நான் எழுந்து துப்பாக்கி விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு கதை. ஒருவரை நோயாளியின் மச்சான் அரிவாளோடு தேடி வந்தாராம். இன்னொருவரின் கண்ணாடிக் கதவை உடைத்தார்களாம். கிளினிக்குக்குள் யாரும் ஆயுதத்தோடு வரக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கேட்டவுடன் ஒரு நிம்மதி வந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

தீர்மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்டு வைக்கலாம் என்று முடிவு. வாசலில் ஏற்கெனவே ஒரு போர்டு இருக்கிறது, 'செருப்பை வெளியே விடவும்' என்று. வெயிலில் வெளுத்துவிட்டது. இரண்டு போர்டு தொங்கினால் பிரியாணிக் கடை மாதிரி இருக்கும் என்று செல்வராணி சொன்னாள். ஒரே போர்டாக எழுதச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

போர்டு வந்துவிட்டது. சிவப்பு எழுத்து. 'செருப்பு, ஆயுதம் வெளியே விடவும்.' செருப்பு ஸ்டாண்டுக்கு நேர் மேலே மாட்டியாயிற்று.

அதில் முதலில் மாட்டிக்கொண்டவர் பாவம் ஞானதுரை அண்ணாச்சி. பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் துப்பாக்கியோடு காவல் போகிறார். துப்பாக்கி கம்பெனியுடையது இல்லை, அவருடையது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலையே கொடுப்பார்கள். அதனால் டூட்டி முடிந்தால் அவரும் அதுவும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும்போதும் இருவரும் சேர்ந்துதான் வருவார்கள். இரட்டைக் குழல், கட்டையில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியது. ஆயிரம் துப்பாக்கிக்கு நடுவில் வைத்தாலும் நான் அடையாளம் சொல்வேன். உள்ளே வந்ததும் குழலை மடக்கி, இரண்டு தோட்டாவையும் எடுத்து என் ஊசித் தட்டில் போடுவார். டொக், டொக். பிறகு துப்பாக்கியை மூலையில் சாத்திவிட்டுக் கையை நீட்டுவார். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை. அந்தத் துப்பாக்கிக்கு இந்த கிளினிக்கில் ஒருவரும் பயந்ததும் இல்லை.

இன்று போர்டைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் வெளியே போனேன். ஆளே பாதியாகியிருந்தார். ஒரே மகன் ஜெபின், போன ஆடியில் நாலு வழிச் சாலையில் பைக்கோடு லாரியில் மோதிப் போய்விட்டான். அதிலிருந்தே தூக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூக்க மாத்திரை எழுதினேன்.

"அண்ணாச்சி, அடுத்த தடவை அதை வீட்டுல வச்சிட்டு வாங்க. சங்கத்துல ரூல் போட்டுட்டாங்க."

"வீட்டுல வைக்கதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு டாக்டரம்மா. உங்க பீரோவுல கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே. டூட்டிக்குப் போவும்போது வந்து எடுத்துக்கிடுதேன்."

"இது என்ன, ரயில்வே ஸ்டேஷன் பெட்டி வைக்கிற ரூமா?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே கூட்டம் காத்திருந்தது.

மார்ச் 13

வெல்டிங்காரர் வந்தார். வாசலுக்குக் கிரில் கதவு. சத்தத்தில் ஒருவருடைய நெஞ்சையும் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்க முடியவில்லை. எல்லோரும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ராஜபூபதியின் இடுப்பு இப்போது காலி. ஓட்டுப் போடுவதால் எனக்கு நேராகக் கிடைத்த முதல் நன்மை இதுதான்.

ஏப்ரல் 2

ஞானதுரை வந்தார். கையில் ஒரு லத்தி மட்டும். வேன் காவலுக்கு விலக்குக் கேட்டுக் கம்பெனி மனு கொடுத்ததாம். மற்றவர்களுக்குக் கிடைத்தது, இவருடைய காகிதம் மட்டும் எங்கேயோ நின்றுவிட்டது. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். இப்போது பஸ் ஸ்டாண்டு ஏ.டி.எம். வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். சம்பளம் குறைவு. வருத்தப்படுவார் என்று பார்த்தால் முகத்தில் ரத்தம் ஓடுகிறது.

"தூக்கம் வருதா?"

"வருது டாக்டரம்மா. அடிச்சுப் போட்ட மாதிரி வருது."

அந்த மாத்திரை கைகண்ட மருந்து. அளவைச் சரியாகப் பிடித்திருக்கிறேன். அதையே தொடரச் சொன்னேன். சரி என்றார்.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட்டேன். மை நகத்தில் பட்டுத் தோலிலும் பரவியிருக்கிறது. டாக்டருக்கு என்ன தோல் வியாதி என்று ஒரு கிழவர் விசாரித்தார்.

ராஜபூபதி இருமலோடு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்த பிறகு உள்ளே வந்தார். துப்பாக்கி இல்லாதபோது அவருடைய இருமல்கூடச் சின்னதாக இருக்கிறது.

மே 6

வெயில் கொல்லுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை. ஊசி அவிக்கும் பாத்திரத்துக்கு வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோனேன்.

ஞானதுரை நுங்கு கொண்டுவந்தார். செல்வராணிக்கும் சேர்த்து. எடை கூடியிருக்கிறது, சர்க்கரை இறங்கியிருக்கிறது. மகனைப் பற்றி முதல் முறையாகச் சாதாரணமாகப் பேசினார். சட்டைக்குப் பட்டன் போடவே மாட்டான் என்றார். பிறகு கேட்டார்.

"எலெக்ஷன் முடிஞ்சா திருப்பித் தந்துருவாவளா?"

"தருவாங்க. உங்க பொருள்தானே."

"எனக்குத் துப்பாக்கி வச்சிருக்க உடம்பு சரியில்லன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் தந்தா, அங்கயே வச்சிக்கிடுவாவளா டாக்டரம்மா?"

நான் கோபித்துக்கொண்டேன். அப்படி ஒரு காகிதம் போனால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேலை போகும், சர்க்கரையையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அப்பம் சரி" என்றார். லத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இப்படிப்பட்டவரிடம் டாக்டர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று. கேட்கவில்லை. நுங்கு கொண்டுவந்த மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? ஒரு ஆளின் பிழைப்பைக் காப்பாற்றினோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 5

ஓட்டு எண்ணி முடித்தார்கள். பட்டாசு வெடித்துக் கண்ணில் பட்டதாக ஒருவர், பட்டாசு வெடிக்காததால் நெஞ்சு வலி என்று ஒருவர். தோற்றவருக்குத்தான் கவனம் அதிகம் தேவைப்பட்டது.

ஜூன் 11

ஞானதுரையின் மனைவி பாக்கியத்தாய் வந்தாள், தனியாக. பையிலிருந்து நான் எழுதிய தூக்க மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜை மேல் அடுக்கினாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. மார்ச்சில் எழுதியது முதல் அப்படியே இருக்கிறது.

"ஒண்ணுகூடப் போடல டாக்டரம்மா. மாத்திரையப் போட்டு அசந்துட்டா, முழிப்பு வரும்போது என் புத்தி எப்படி இருக்குமோங்காவ. அது வீட்டுல இருக்க நாளெல்லாம் அவிய உக்காந்தே இருப்பாவ. துப்பாக்கிக்கு இவிய காவல். அது போலீஸ்ல இருந்தப்பம் மாத்திரை இல்லாமலே தூங்குனாவ."

"இப்போ?"

"முந்தாநாள் திருப்பிக் குடுத்துட்டாவ. வேன் டூட்டிக்கும் கூப்பிட்டுட்டாவ. வீட்டுக்கு வந்ததும் தோட்டா ரெண்டையும் என் கையில தந்து, ஒளிச்சு வை, எங்கன்னு எங்கிட்டச் சொல்லாதன்னாவ. அரிசிக்குள்ள வச்சிருக்கேன். காலையில டூட்டிக்குப் போவும்போது நானே எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கு. நேத்து வாயைத் திறந்து சொல்லிட்டாவ, அது கையில இருந்தா ஜெபின்கிட்டப் போயிரலாம்னு தோணுதுன்னு."

அவள் அழவில்லை. நாளை டூட்டி முடிந்ததும் எங்கேயும் போகாமல் நேராக இங்கே வரச்சொல், துப்பாக்கியோடு வந்தாலும் பரவாயில்லை, சர்டிபிகேட்டை நானே ஸ்டேஷனில் கொடுத்து அதை அங்கேயே விட ஏற்பாடு செய்கிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். இன்றே கூப்பிட்டிருக்கலாம். இன்று வேன் தூத்துக்குடிப் பக்கம் போயிருக்கிறதாம்.

அவள் போய்ச் சற்று நேரத்தில் ராஜபூபதி வந்தார். இடுப்பு மறுபடியும் நிறைந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களைத் தாண்டி உள்ளே வந்து, வெளியே ஏதோ ஆயுதம் கீயுதம்னு போர்டு வச்சிருக்கீங்களே, எனக்கா என்று கேட்டார். பொதுவாக என்றேன். சிரித்துக்கொண்டே அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். இந்த முறை குழல் என் பக்கம் பார்த்தது. இருமலுக்கு மருந்து எழுதினேன். என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

அவர் போனதும் செல்வராணியைக் கூப்பிட்டுக் கத்தினேன். கிரில் கதவு செய்தது அழகுக்கா? நாளையிலிருந்து பூட்டியே இருக்க வேண்டும், ஆயுதத்தோடு எவர் வந்தாலும், கடவுளே வந்தாலும், உள்ளே விடக்கூடாது. அவள் சரி சரி என்றாள்.

மின்சாரக் கட்டணம் கட்ட மறந்துவிட்டேன்.

ஜூன் 13

நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் உதவும்.

சாயங்காலம் மீன் நறுக்கும்போது கையை அறுத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். ஞானதுரை வந்திருக்கிறார், டூட்டி உடுப்பில், தோளில் துப்பாக்கியோடு. எனக்குத் தெரியாது. செல்வராணி கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "அதை வெளிய விட்டுட்டு வாங்க அண்ணாச்சி, டாக்டர் ஆர்டர்" என்றிருக்கிறாள். டாக்டரம்மா வரச் சொன்னாவ என்று அவர் சொன்னாராம். இவள், எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்றாளாம். வெளியே என்றால் எங்கே என்று கேட்டாராம். இவள் போர்டைக் காட்டியிருக்கிறாள். அதற்குள் நான் நூல் கேட்டுக் கூப்பிட, உள்ளே வந்துவிட்டாள்.

இவர் வருவார், விட்டுவிடு என்று நான் செல்வராணியிடம் சொல்லியிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் இல்லை என்கிறாள். அன்றைக்கு இருந்த கலவரத்தில் அவளுக்குக் காதில் விழாமல் போயிருக்கலாம்.

தையல் போட்ட பெண் செருப்பை எடுக்கப் போனவள் அலறினாள். போய்ப் பார்த்தேன். செருப்பு ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், ஒரு ஜோடி பூட்ஸ் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது, பட்டாளத்தில் வைப்பது போல் குதிகால் ஒட்டி. இடது பூட்ஸுக்குள் ஒரு தோட்டா, வலது பூட்ஸுக்குள் ஒரு தோட்டா. இரண்டுக்கும் குறுக்கே துப்பாக்கி. ஆள் இல்லை.

யாருடைய துப்பாக்கி என்று தெரியாத நிலையில் டாக்டர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தேன். போலீசுக்கு போன் போட்டேன். நாளைக்கு கிளினிக் மேல் ஒரு பேச்சு வரக்கூடாது.

அதற்குப் பிறகுதான் பாக்கியத்தாயிடம் போனில் பேசினேன். ஆள் எங்கேயாவது தண்டவாளத்துப் பக்கம் போயிருப்பாரோ என்று பயம். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வந்துட்டாவ டாக்டரம்மா. வெறுங்காலோட நடந்தே வந்துட்டாவ. அதை உங்ககிட்ட விட்டுட்டு வந்துட்டேன்னாவ. ரெண்டு செம்புத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாவ. தூங்குதாவ. நீங்க நல்லா இருக்கணும்."

நான் போனை வைக்கும்போது போலீஸ் ஜீப் வாசலில் நின்றது. லைசென்ஸ்காரர் வீடு எங்கே என்று கேட்டார்கள். அவர் தூங்குகிறார், காலையில் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். விலாசத்தைச் சொன்னேன்.

ஜூன் 14

ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். துப்பாக்கியைப் பொது இடத்தில் கவனிப்பாரில்லாமல் போட்டுவிட்டுப் போனதாக வழக்கு. லைசென்ஸ் நிறுத்தி வைப்பு. கம்பெனி அன்றைக்கே வேலையை விட்டு எடுத்துவிட்டது.

அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். பூட்ஸ் சாட்சிப் பொருளாம், மேஜைக்கு அடியில் அடையாளச் சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. "இவர் உங்க பேஷன்டுதானே மேடம்? துப்பாக்கி வச்சிருக்க முடியலன்னு உங்ககிட்ட முன்னாடி எப்பவாவது சொன்னாரா? சொல்லியிருந்தா கேஸ் வேற மாதிரி போகும்" என்றார்.

நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தார்கள். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"அவியளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் எதுவும் சொன்னதில்ல. அவிய சுகருக்குத்தான் பாக்காவ. டாக்டரம்மாவ இதுல இழுக்காதிய."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். எழுத்தர் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் அடிப்படை விதி, அதையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

ஜூன் 21

ஞானதுரையின் வக்கீல் வந்தார், சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். மனநிலை காரணமாகத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியில்லை என்று சர்டிபிகேட் கேட்டார். உடனே எழுதினேன். மே மாதத் தேதி போட்டால் வழக்கு நிற்காது என்று மெதுவாகச் சொன்னார். பொய்த் தேதி போடும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 22

சாப்பாடு இறங்கவில்லை. எலிப்பொறியில் ஒன்றும் விழவில்லை.

ஜூலை 8

ஞானதுரை வந்தார். புது ரப்பர் செருப்பு. அதை வெளியே விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார். கையில் லத்திகூட இல்லை. ஏ.டி.எம்.மிலும் வேண்டாம் என்றுவிட்டார்களாம், வழக்கு இருக்கிறதே. மாதத்துக்கொரு முறை கோர்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பாக்கியத்தாய் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள், கொட்டை எண்ணெய் பட்டுக் கை விரலெல்லாம் வெந்திருக்கிறதாம், அதற்கு ஏதாவது களிம்பு இருந்தால் தரச் சொன்னார்.

உட்கார்ந்ததும் வலது கை தானாகத் தோளுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என் ஊசித் தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டேன். மே மாதம் கேட்டிருக்க வேண்டியது. சாக வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறதா அண்ணாச்சி என்று.

"தோணும். வந்துட்டுப் போயிரும். முன்ன மாதிரி கைக்கெட்டுத தூரத்துல இல்ல பாத்தியளா" என்றார். "படுத்தா தூங்கிருதேன்."

பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் தொடர்ந்தார்.

"அன்னைக்கு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன் டாக்டரம்மா. கதவு பூட்டியிருந்திச்சு. திரும்பி வீட்டுக்குத்தான் போயிருப்பேன், அதையும் தூக்கிட்டு. அப்பம்தான் போர்டைப் பாத்தேன். முன்னாடியும் பாத்ததுதான். அன்னைக்கு என்னமோ, 'வெளியே விடவும்'னு எனக்குன்னே எழுதியிருந்த மாதிரி இருந்திச்சு. நான் பீரோவுல வைக்கக் கேட்டேன், சர்டிபிகேட் கேட்டேன், ரெண்டும் சட்டப்படி முடியாதுன்னுதான நீங்க இப்படி ஒரு வழி பண்ணி வச்சிருக்கியன்னு நெனச்சேன். ஆர்டர் போட்டா கேட்டுப் பழகுன ஆளு நான். விட்டுட்டுப் போயிட்டேன்."

பட்டையை அவிழ்த்தேன். செல்வராணி அதை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி வைத்தாள்.

"அந்த போர்டு இல்லன்னா நான் இப்பம் இல்ல" என்றார் அவர். "பாக்கியத்தாய் ராத்திரி ஜெபத்துல உங்க பேரையும் சொல்லுதா."

வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை. பிரஷர் சரியாக இருக்கிறது என்று சொல்லி, களிம்பு எடுத்துக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னேன்.

அவர் போன பிறகு வாசல் பக்கம் போனேன். சிவப்பு எழுத்து அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. புதிதாக எழுதச் சொல்லலாமா, கழற்றிவிடலாமா என்று செல்வராணி கேட்டாள். ராஜபூபதியின் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்றேன்.